செபஸ்தியான் அண்ணாச்சியின் இரவல் மெட்டு

ஹாம்பர்க்,
டிசம்பர் 23

அன்புள்ள மைனிக்கு,

கொழுந்தன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் இவளும் சுகம். அங்கே நீங்கள், அண்ணன், பிள்ளைகள், கேக்குக்காகப் பரணிக்குள் ஊறிக்கொண்டிருக்கும் கிஸ்மிஸ் எல்லோரும் சுகம்தானே? வாட்ஸப்பில் பேசி அனுப்பினால் அண்ணன் முந்திக்கொண்டு கேட்டுவிட்டு, தனக்குச் சாதகமானதை மட்டும் உங்களிடம் சொல்கிறார் என்று குறைப்பட்டீர்கள். அதனால்தான் இந்தத் தடவை காகிதத்தில் எழுதி, படம் பிடித்து, உங்கள் நம்பருக்கே அனுப்புகிறேன்.

முக்கியமான சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். போன வருடம் குடில் திறப்புக்கு நீங்கள் சினிமா மெட்டில் பாட்டுக் கட்டினீர்கள் என்று அண்ணன் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அலைந்தாரே, அந்த வழக்கில் நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். சாட்சி சொன்னவர் ஜெர்மனிக்காரர், செத்து இருநூற்றெழுபது வருடத்துக்கு மேல் ஆகிறது, பெயர் செபஸ்தியான். விவரம் பின்னால் வருகிறது. பொறுமையாகப் படியுங்கள், நேரே கடைசிப் பக்கத்துக்குத் தாவ வேண்டாம்.

இங்கே டிசம்பரில் துறைமுக வேலை என்றால், காலையில் இருட்டில் போய் கண்டெய்னர் கணக்குப் பார்த்துவிட்டு சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டில் திரும்புவது. நடுவில் சூரியன் வந்துபோனதா என்பதைக் காவல்காரரிடம் விசாரித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இவளுக்கு அலுத்துவிட்டது. "வெளிச்சம் உள்ள ஊரு ஏதாச்சும் இருந்தா கூட்டிட்டுப் போங்க" என்றாள். ஆபீசில் கேட்டேன். "சாசேஜ் மட்டும் தின்ன வேண்டுமென்றால் எந்த ஊர்ச் சந்தைக்கும் போ. பாட்டும் கேட்க வேண்டுமென்றால் லைப்சிக் போ" என்றார் மேலதிகாரி. வாரக் கடைசியோடு லீவைச் சேர்த்துக்கொண்டு கிளம்பினோம்.

ஜெர்மன்காரன் கடிகாரத்துக்குப் பிறந்தவன் என்று நம்மூரில் யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். அவர்கள் இந்த நாட்டில் ரயில் ஏறியதில்லை. எங்கள் வண்டி முதலில் பத்து நிமிஷம் தாமதம் என்றார்கள், அப்புறம் நாற்பது, அப்புறம் பிளாட்பாரமே வேறு என்றார்கள். மூட்டை முடிச்சோடு மொத்தக் கூட்டமும் படியேறி ஓடியதைப் பார்க்க வேண்டுமே! முத்துநகர் எக்ஸ்பிரஸை இனி எவனும் என் முன்னால் குறை சொல்லக் கூடாது.

நீங்கள் கேட்ட முதல் கேள்வி பனியைப் பற்றி. பார்க்கவில்லை மைனி. நாம் யார்? பனிமய மாதா ஊர்க்காரர்கள். ரோமாபுரியில் எஸ்குலின் குன்றின்மேல் ஒரு ஆகஸ்ட் 5ஆம் தேதி, கோடை வெயிலில் பனி பெய்தது என்ற ஐதீகத்தைப் பிடித்துக்கொண்டு, 1555இல் மணிலாவிலிருந்து கப்பலேறி வந்த மாதாவுக்கு, 1713இல் எழும்பிய கோவிலில், அதே ஆகஸ்ட் 5 அன்று, சட்டை முதுகோடு ஒட்ட ஒட்டத் திருநாள் கொண்டாடுகிறவர்கள். ஐஸ் கம்பெனி ஐஸைத் தவிர வேறு பனி பார்த்தறியாத ஊரில் பெண்பிள்ளைகளுக்குப் பனிமயம் என்று பெயரே வைத்திருக்கிறோம். அப்பேர்ப்பட்ட ஊர்க்காரன் டிசம்பரில் ஜெர்மனிக்கு வந்தால் மாதா ரெண்டு கையளவாவது போட வேண்டாமா? தூறல்தான். நம்மூர் ஐப்பசி அடைமழைகூட இல்லை, குடை விரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்க வைக்கிற பொசபொசத் தூறல். கிறிஸ்துமஸ் முடிந்து ஜனவரியில்தான் பெய்யும் என்று ஓட்டல்காரர் சமாதானம் சொன்னார்.

ஞாயிறு காலை ஓட்டல் வாசலில் இவள் கூவினாள்: "ஏங்க, பனி விழுந்திருக்கு!" படிக்கட்டில் வெள்ளையாகத் தூவிக் கிடந்தது. குனிந்து ஒரு சிட்டிகை எடுத்து விரலில் உருட்டினேன். நாக்கிலும் வைத்தேன். உப்பு! ராத்திரி தரை உறைந்து வழுக்கும் என்று தூவியிருக்கிறார்கள். கோவில்பட்டிக்காரிக்கு வெள்ளையாகக் கிடப்பதெல்லாம் பனி, உப்பளக் கணக்கரின் தம்பிக்குத் தெரியாதா? அண்ணனிடம் சொல்லுங்கள்: சுரங்கத்து உப்பு, பரல் பெரிசு, ஈரம் இல்லை, நிறம் சுமார். முத்தையாபுரம் உப்புக்குப் பக்கத்தில்கூட வராது. நாம் காலில் பட்டாலே கண்ணில் ஒற்றிக்கொள்கிற சாமானை இவர்கள் பூட்ஸ் காலால் மிதித்துக்கொண்டு போகிறார்கள். எனக்கு வயிறு எரிந்தது. இவள், "வாங்க, உப்புக்கு அப்புறம் அழலாம்" என்று இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இனிச் சந்தை. லைப்சிக் கிறிஸ்துமஸ் சந்தைக்கு வயசு 1458இலிருந்து கணக்கு. பழைய நகரமன்றத்துக்கு எதிரே, சதுக்கம் முழுக்க மரக்கடைகள். ராட்டினம், பொம்மை, மெழுகுவர்த்தி, தொப்பி, வறுத்த கடலை, பொரித்த பண்டம், தொலைந்துபோய் அழுகிற பிள்ளை, அதைத் தேடி மைக்கில் அலறுகிற அப்பன். நம் மாதா கோவில் திருநாள் கடைகளைக் கண்ணை மூடிக்கொண்டு சுற்றி வந்தவனுக்கு இங்கே வழி கேட்க வேண்டிய அவசியமே இல்லை. வித்தியாசம், இங்கே யாரும் விலை பேரம் பேசுவதில்லை. பேச முயன்றால் ஏதோ உடம்புக்கு முடியாதவரைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறார்கள்.

எல்லார் கையிலும் ஒரு கோப்பை. குளூவைன் என்று பெயர். சிவப்பு ஒயினில் ஆரஞ்சுத் தோல், கருவாப்பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ போட்டுச் சுடவைத்த கஷாயம். முதல் வாய் குடித்ததும் எனக்கு ஒயின் தெரியவில்லை, உங்கள் அடுக்களையில் பிரியாணி தாளிக்கிற நேரம்தான் தெரிந்தது. கொழும்பையும் தூத்துக்குடியையும் டச்சுக்காரன் ஒருசேரக் கையில் வைத்திருந்த காலத்தில் இந்தப் பட்டையெல்லாம் நம் கடல் வழியாகத்தான் ஏறி வந்திருக்கும். வாங்கிக்கொண்டு போனவர்கள் அதைச் சுடவைத்து நம்மிடமே நானூற்றைம்பது ரூபாய்க்கு விற்கிறார்கள். கோப்பைக்குத் தனியாக மூணு யூரோ முன்பணம், திருப்பிக் கொடுத்தால் திருப்பித் தருவார்கள். நம்மூர்த் தண்ணீர்ப்பந்தலில் டம்ளரைச் சங்கிலியால் கட்டுவோம், இவர்கள் காசால் கட்டுகிறார்கள். இவள் பிள்ளைகள் குடிக்கிற பழரசக் கஷாயம்தான் வாங்கினாள். ஆனால் கோப்பையில் ஊர்ப் பெயரும் நட்சத்திரமும் அழகாக இருந்ததால் முன்பணம் போனால் போகட்டும் என்று பைக்குள் போட்டுக்கொண்டாள். அப்படிச் செய்யலாமாம், எல்லாரும் செய்கிறார்கள்.

பக்கத்துக் கடையில் சர்க்கரைப் பாகில் புரட்டி வறுத்த பாதாம். நூறு கிராம் விலையைக் கேட்டதும் கோவில்பட்டி விழித்துக்கொண்டது. "இந்தக் காசுக்கு எங்க ஊர்ல கடலைமிட்டாய் ஒரு டின்னே வாங்கலாம்" என்று கடைக்காரப் பையனிடம் தமிழிலேயே சொன்னாள். அவன் சிரித்துக்கொண்டே ரெண்டு பாதாம் ருசி பார்க்கக் கொடுத்தான். பேரம் பேசினால் நடக்காது, திட்டினால் நடக்கிறது.

இப்போது கவனமாகக் கேளுங்கள், இது உங்கள் துறை. இங்கேயும் மக்ரூன் இருக்கிறது! தேங்காய் மக்ரூன். தட்டில் குவித்து வைத்திருந்ததைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. வாங்கிக் கையில் எடுத்தால் கனக்கிறது. நம்முடையது முட்டை வெள்ளையும் சீனியும் முந்திரிப்பொடியும் சேர்ந்து, உச்சியில் கூம்பி, வாயில் வைத்ததும் காணாமல் போகும். இது ஈரத்தோடு அப்பிக்கொண்டு நிற்கிறது. சரி, கடிப்போம் என்று தூக்கினால் அடியில் வெள்ளையாக, வட்டமாக, காகிதம் கணக்காக ஒன்று ஒட்டியிருந்தது. திருப்பிப் பார்த்தேன். சாட்சாத் நம்ம நற்கருணை அப்பம்! பூசையில் சாமியார் நாக்கில் வைப்பாரே, அதே மாவு, அதே வட்டம், மந்திரிக்காதது. மாவு தட்டில் ஒட்டாமல் இருக்க அந்தக் காலத்து மடத்துச் சாமியார்கள் செய்த ஏற்பாடாம். இவள் சிலுவை போட்டுக்கொண்டுதான் கடித்தாள். நான் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்ல வேண்டுமா என்று பங்குச்சாமியாரிடம் கேட்டு எழுதுங்கள்.

ஸ்டோலன் என்று ஒரு ரொட்டிக் கேக்கும் வாங்கினேன். டிரெஸ்டன் ஊர்ச் சரக்கு. பழைய காலத்தில் திருவருகைக் காலம் ஒறுத்தல் காலம், வெண்ணெய் தொடக் கூடாது, எண்ணெயில்தான் சுட வேண்டும். சாக்சனி மன்னர்கள் ரோமுக்கு மனுப் போட்டார்கள். 1491இல் போப்பாண்டவர் எட்டாம் இன்னசென்ட், கோவிலுக்குக் காணிக்கை கட்டினால் வெண்ணெய் சேர்க்கலாம் என்று கடிதமே கொடுத்தார். திருவருகைக் காலத்தில் நீங்கள் கேக்குக்கு வெண்ணெய் உருக்கும்போதெல்லாம் அண்ணன் முணுமுணுப்பார் இல்லையா, அந்தக் கடிதத்தைக் காட்டுங்கள்.

இன்னொரு கடையில் புல்ஸ்நிட்ஸ் ஊர் இஞ்சி ரொட்டி. 1558இலிருந்து சுடுகிறார்களாம். ஊர்ப் பெயரைப் பார்த்ததும் எனக்குப் பொறி தட்டியது. 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கி, தமிழ் படித்து, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடித்தாரே சீகன்பால்க், அவர் பிறந்த ஊர் இது. கடைக்காரம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். அந்தம்மா தோளைக் குலுக்கிவிட்டு, "சாக்லேட் பூசினது வேணுமா, பூசாதது வேணுமா?" என்றார். தரங்கம்பாடி வெயிலில் உட்கார்ந்து இந்த வாசனையை எத்தனை டிசம்பர் நினைத்திருப்பாரோ மனுஷன். நான் ஹாம்பர்க்கில் உட்கார்ந்து சால்னாவை நினைக்கிறேன். பூசாததையே வாங்கினேன்.

நகைக்கடை ஒன்றில் முத்துத் தோடு. இவள் நின்றுவிட்டாள். நான் தாத்தாவின் பேரன் என்ற தோரணையில் உருட்டிப் பார்த்து, "எந்தக் கடல்?" என்று கேட்டேன். "கடல் இல்லை, சீனாவில் குளத்தில் வளர்ப்பது" என்றான். 1961இல் நம் கரையில் கடைசியாக நடந்த முத்துக்குளிப்பில் காலில் கல் கட்டி இறங்கிய மனிதரின் பேரன், குளத்து முத்துக்குக் காசு கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டேன். கொள்கை என்று இவள் நம்பியிருக்கிறாள். விலைச் சீட்டை நான் பார்த்தது அவளுக்குத் தெரியாது.

ராத்திரி பத்து மணிக்குள் கடைகளை அடைத்துவிட்டார்கள். பசி. ஆபீசில் ஒருமுறை "உங்கள் ஊரில் நைட் கிளப் உண்டா?" என்று கேட்டார்கள். தெருவுக்கு ரெண்டு உண்டு, எல்லாவற்றிலும் கூட்டம் அலைமோதும், குடும்பத்தோடு போவோம் என்றேன். என்னைப் பற்றி அவர்கள் அபிப்பிராயமே மாறிவிட்டது. பொரிச்ச பரோட்டாவும் சால்னாவும் என்று இன்றுவரை விளக்கவில்லை. அந்த மாதிரி ஒரு நைட் கிளப் லைப்சிக்கில் இருந்திருந்தால் அன்றைக்கு என் சொத்தையே எழுதி வைத்திருப்பேன்.

இதில் பெரிய வேடிக்கை, கிறிஸ்துமஸ் வருவதற்குள் இவர்கள் கிறிஸ்துமஸ் சந்தையைச் சுருட்டிவிடுகிறார்கள். 24 மத்தியானத்துக்கு மேல் கடை கண்ணி கிடையாது, ஊரடங்கு போட்ட மாதிரி. நம்மூரில் அன்றைக்குச் சாயங்காலம்தானே அண்ணன் சட்டை எடுக்கவே கிளம்புவார்!

சரி, பாட்டுக்கு வருகிறேன். சாயங்காலம் நகரமன்றத்து மேல்மாடத்தில் நாலைந்து பேர் பித்தளைக் குழல்களோடு வந்து நின்று ஊதினார்கள். கீழே சாசேஜ் தின்றுகொண்டிருந்த கூட்டம் மெல்லுவதை நிறுத்தவில்லை, ஆனால் பேச்சை நிறுத்தியது. நல்ல ஊது. நம்ம பேண்ட் செட்டுக்காரர்களுக்கு இந்தக் குளிரில் உதடு ஒட்டிக்கொள்ளும்.

மறுநாள் தோமையார் கோவில். யோஹான் செபாஸ்டியன் பாஹ் 1723 முதல் 1750இல் சாகும்வரை பாட்டு வாத்தியாராக இருந்த கோவில். நம்ம பாஷையில் செபஸ்தியான் அண்ணாச்சி. தெருவுக்கு ஒரு செபஸ்தியான் உள்ள ஊர்க்காரனுக்கு இவர் அந்நியராகத் தெரியவே இல்லை. வெளியே 1908இல் வைத்த சிலை நிற்கிறது. கோட்டின் ஒரு பை உள்புறம் வெளியே வந்து தொங்குகிறது. கையில் காசில்லாமல் கஷ்டப்பட்டார் என்பதைக் காட்டச் சிற்பி செய்த குறும்பாம். இருபது பிள்ளை பெற்றவர், பாதிதான் தங்கியது. 1730இல் டான்சிக்கில் இருந்த பள்ளிக்கூடச் சேக்காளிக்கு ஒரு புலம்பல் கடிதம் எழுதியிருக்கிறார். என்ன புலம்பல் தெரியுமா? போன வருடம் நல்ல காற்று வீசி ஊரில் சாவு குறைந்துவிட்டது, அடக்கப் பாட்டு வரும்படியில் நூறு தாலருக்கு மேல் நஷ்டம் என்று! நம்ம ஆர்மோனிய மாஸ்டர் இதைக் கேட்டால் எழுந்து நின்று கும்பிடுவார்.

உள்ளே அவருடைய கிறிஸ்துமஸ் ஓரட்டோரியோ. இருப்பதிலேயே மலிவான டிக்கெட் வாங்கியதில், ஒரு தூணை நன்றாகத் தரிசிக்கக் கிடைத்தது. அதனால் ஒன்றும் நஷ்டமில்லை, பாடுகிறவர்கள் எல்லாம் நமக்குப் பின்னால், மேல்மாடத்தில் ஆர்கன் பக்கத்தில். கழுத்தைத் திருப்பி எட்டிப் பார்த்தேன். பாடுகிற பையன்களில் சின்னவர்கள் எல்லாம் கப்பல்காரன் சட்டை! நீலக் கழுத்துப்பட்டியோடு, அசல் மாலுமி உடுப்பு. 1212இல் தொடங்கிய பாடற்குழுவாம். கடல் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லாத ஊரில் இந்த உடுப்பு எதற்கு? கடலை வாசலில் வைத்துக்கொண்டு நாம் நம் பாடற்குழுப் பிள்ளைகளுக்குக் கோட்டு மாட்டி வேகவைக்கிறோம், அதற்கு இது பரவாயில்லை.

தொடக்கமே பேரிகை. வேறு வாத்தியம் எதுவும் இல்லாமல், கோவிலே அதிர, தனியாக அஞ்சு அடி. இவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தேரு கிளம்புது" என்றாள். அடுத்து புல்லாங்குழல், மறுபடி பேரிகை, எக்காளங்கள், அப்புறம் வயலின் கூட்டம் சரசரவென்று இறங்கி, மொத்தப் பையன்களும் ஒரே மூச்சில் எழும்பினார்கள். மைனி, எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் மூலைமூலையாகக் குளிர் ஏறியிருந்த உடம்பில் அந்த நிமிஷம் குளூவைன் செய்யாததை இது செய்தது.

பக்கத்தில் ஒரு கிழவி, பள்ளிக்கூடத்தில் பாட்டு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். இடைவேளையில் நான் வாயைப் பிளந்துகொண்டிருப்பதைப் பார்த்து, "இது முதலில் கோவில் பாட்டு இல்லை, தெரியுமா?" என்றார். அங்கேதான் நம் வழக்கு ஆரம்பித்தது.

1733 டிசம்பர் 8ஆம் தேதி (நமக்கு அமலோற்பவ மாதா திருநாள்) சாக்சனி ராணி மரியா யோசேபாவின் பிறந்தநாள். அதற்குச் செபஸ்தியான் அண்ணாச்சி ஒரு வாழ்த்துப்பாட்டுக் கட்டினார். பேரிகைகளே முழங்குங்கள் என்று ராணிக்குச் சலாம் போடுகிற பாட்டு. பாடிய இடம் எது தெரியுமா? காப்பிக்கடை! சிம்மர்மான் என்பவருடைய காப்பிக்கடையில் வாத்தியக் கோஷ்டி வாசித்தது. மறு வருடம், 1734 கிறிஸ்துமஸ் அன்று, அதே மெட்டுக்கு வார்த்தையை மாற்றி, அதே ஊரில், கோவிலில் பாடவைத்துவிட்டார். போன வருடம் காப்பி குடித்துக்கொண்டே கேட்டவன் இந்த வருடம் பூசையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறான். கையெழுத்துப் பிரதியில் பழக்க தோஷத்தில் ராணியின் வார்த்தையையே எழுதிவிட்டு அப்புறம் அடித்திருக்கிறாராம். உங்கள் பாட்டு நோட்டில் சினிமா வரியை அடித்துவிட்டு மேலே மாதாவை எழுதியிருந்ததை அண்ணன் கண்டுபிடித்தது ஞாபகம் வருகிறதா?

இது போதாது என்று கிழவி அடுத்ததை அவிழ்த்தார். ரெண்டாம் பாகத்தில் பாலன் இயேசுவுக்கு ஒரு தாலாட்டு. மத்திம சாரீரத்தில் ஒரு பெண்மணி பாடினார். முதல் சுரத்தையே இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார், நிற்கிறார், இன்னும் நிற்கிறார். கல்லைக் கட்டிக்கொண்டு கீழே போன தாத்தா எப்போது கயிற்றை அசைப்பார் என்று வள்ளத்தில் காத்திருப்பார்களே, அப்படி நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அந்தத் தாலாட்டு முதலில் யார் பாடியது? 1733 செப்டம்பரில் இளவரசன் பிறந்தநாளுக்குப் போட்ட இசை நாடகத்தில், வாலிபன் ஹெர்குலிஸைக் கெடுக்க வந்த சிற்றின்பம் என்கிற மோகினி பாடியது! மோகினியின் பாட்டை எடுத்து மாட்டுத்தொழுவத்தில் மாதா பக்கத்தில் வைத்துவிட்டார் மனுஷன். நீங்கள் எடுத்தது ஒரு கல்யாணச் சீன் மெட்டுத்தானே மைனி. நீங்கள் எல்லாம் புனிதவதி.

அண்ணன் உடனே என்ன சொல்லுவார் என்று எனக்குத் தெரியும். "ஏலே, அவரு சொந்த மெட்டைத்தான எடுத்தாரு? உங்க மைனி அடுத்தவன் மெட்டை எடுக்கா." அதற்கும் பதில் இருக்கிறது. முதல் பாகத்தில் கூட்டமாகப் பாடுகிற ஒரு ஞானப்பாட்டு வருகிறது. கேட்டதும் முதுகுத்தண்டு சிலிர்த்தது. பள்ளிக்கூடப் பாடற்குழுவில் பெரிய வெள்ளிக்கிழமை பாடிய ராகம், முள்முடி சூட்டிய சிரசைப் பற்றியது. குழந்தை பிறந்த வீட்டில் பாடுகளின் ராகத்தை வைத்திருக்கிறார். எனக்கு அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் சிரிப்பு வரவில்லை. அந்த ராகத்தின் பூர்வீகம், 1601இல் ஹாஸ்லர் என்பவர் அச்சிட்ட காதல் பாட்டு. ஒரு கன்னிப்பெண்ணை நினைத்து மனசு கலங்கிப் போனேன் என்று உருகுகிற சமாச்சாரம். ஹாஸ்லர் வேறு ஆள், செபஸ்தியான் பிறப்பதற்கு முன்பே செத்தவர். கட்சி முடிந்தது!

இன்னும் ஒன்று. நீங்கள் எடுத்தது இளையராஜா மெட்டு. அந்த இளையராஜா 1986இல் 'ஹௌ டு நேம் இட்' என்று ஒரு இசைத்தட்டுப் போட்டு, அதைத் தியாகராஜருக்கும் இதே பாஹுக்கும் காணிக்கை வைத்திருக்கிறார். அதில் ஒரு உருப்படிக்குப் பெயரே, பாஹை என் வீட்டில் சந்தித்தேன் என்பதுதான். ஆக, செபஸ்தியான் காப்பிக்கடையிலிருந்து கோவிலுக்கு எடுத்தார், ராஜா செபஸ்தியானை வீட்டுக்குக் கூப்பிட்டார், நீங்கள் ராஜாவைக் கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு வந்தீர்கள். அண்ணன் யார் பக்கம் நின்று சண்டை போடுவார்?

ஆனாலும் நியாயத்தைச் சொல்ல வேண்டும், அண்ணன் பக்கமும் கால்வாசி இருக்கிறது. அந்தத் தாலாட்டை எடுத்தபோது சுருதியை இறக்கி, உச்சஸ்தாயிப் பெண்குரலிடமிருந்து பிடுங்கி, மத்திமக் குரலுக்கு மாற்றியிருக்கிறார். மோகினி வாசனை போய்விட்டது. நீங்கள் வார்த்தையைத்தான் மாற்றினீர்கள். இடையிசையில் கீபோர்டுப் பையன் படத்தில் உள்ளதை அப்படியே வாசித்தான், பின்வரிசைப் பையன்கள் ரெண்டு பேர் தோளை ஆட்டினார்கள். இந்த வருடம் ஒரு கட்டை இறக்கிப் பாடுங்கள், இடையிசையை வெட்டிவிடுங்கள். தோள் ஆடாது.

எல்லாம் சொக்கிப்போய்க் கேட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். பாட்டுக்கு நடுவே ஒருத்தர் சுவிசேஷத்தை இழுத்து இழுத்து ஒப்பிப்பார். அந்த இடங்களில் தூணில் சாய்ந்து கண்ணயர்ந்தேன். இவள் கிள்ளினாள். நம்ம கோவில் பிரசங்கத்தில் நீங்கள் அண்ணனைக் கிள்ளுவதை எங்கே பார்த்துப் பழகினாளோ.

திரும்புகிற அன்று பகலில் ஹாலே போனோம். அரை மணிதான். உப்பெடுத்துப் பணக்காரனான ஊர், ஆகையால் நமக்குச் சொந்தம். சதுக்கத்தில் ஹாண்டல் சிலை. 1685இல் அங்கே பிறந்தவர், அதே வருடம்தான் செபஸ்தியானும் பிறந்தார். சீகன்பால்க் படித்ததும் இந்த ஊர்தான். பிராங்கே நிறுவனத்து ஆவணக் காப்பகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகளைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். ஹாண்டலும் நம்ம கட்சிதான் மைனி: 'மெசாயா'வில் நமக்காக ஒரு பாலகன் பிறந்தார் என்று பாடுகிற கூட்டுப்பாட்டின் மெட்டு, 'மெசாயா' எழுதிய அதே 1741இல் அவர் இத்தாலிய மொழியில் எழுதிய, காதலைத் திட்டுகிற டூயட்டிலிருந்து வந்தது. குருட்டுக் காதலே, உன்னை நம்ப மாட்டேன் என்று ரெண்டு பேர் மாறி மாறிக் கோபிப்பார்கள். நம் டயோசீசில் கேக் வெட்டுகிற கூட்டம் எதிலாவது அது பாடப்பட்டால் அண்ணன் முகத்தை மட்டும் பாருங்கள்.

நம்ம தெருக் கப்பல்காரப் பையன் ஜனவரியில் ஊருக்கு வருகிறான், அவனிடம் பார்சல் கொடுத்துவிட்டிருக்கிறேன். ஸ்டோலன் ஒன்று, இஞ்சி ரொட்டி ரெண்டு பாக்கெட், பிள்ளைகளுக்கு ஹெர்ன்ஹூட் ஊர்க் காகித நட்சத்திரம். 25 முனை, தனித்தனியாக மடித்துப் பொருத்த வேண்டும். இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கு வாத்தியார்கள் வடிவியல் சொல்லிக்கொடுக்கக் கண்டுபிடித்ததாம், ஆகையால் அண்ணனிடம் கொடுக்காதீர்கள், பிள்ளைகளே செய்யட்டும். அவன் திரும்பும்போது மக்ரூன் ரெண்டு டப்பா, மாசிக் கருவாடு நல்லதாகக் கால் கிலோ. மாசியை மூன்று கவர் போட்டுக் கட்டுங்கள். போன தடவை எங்கள் மாடிப்படியில் ஜெர்மன்காரர்கள் கேஸ் கசிவு என்று ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

நாளை நடுச்சாமப் பூசைக்குப் போனதும் வீடியோ கால் போடுங்கள். அங்கே பன்னிரண்டு அடிக்கும்போது இங்கே சாயங்காலம் ஏழரைதான், சாப்பிட்டுக்கொண்டே பார்ப்போம். போனை ஆர்மோனியத்துக்குமேல் சாத்தி வையுங்கள். அண்ணன் கையில் மட்டும் கொடுக்காதீர்கள், போன தடவை பூசை முழுக்க அவர் மூக்கைத்தான் பார்த்தோம்.

இப்படிக்கு,
உங்கள் கொழுந்தன்

பின்குறிப்பு: ஸ்டோலனுக்குமேல் கனமாகச் சீனிப்பொடி பூசியிருக்கும். அண்ணனுக்குச் சுகர் 240 என்று கேள்விப்பட்டேன். மேல்தோலைச் சீவிவிட்டு உள்பக்கம் ஒரு விரல் அகலம் கொடுங்கள். கேட்டால் கொழுந்தன் கணக்கு என்று சொல்லுங்கள்.